செருப்புப் பேயின் முதல் பிரதி

பேய் அரண்மனைக்குள் போகக் கூடாது என்று தென்னரசு சொன்னபோது அமலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேயைத் தடுக்க மந்திரவாதி வருவார், பாதிரியார் வருவார். பதிப்பாளர் எங்கே வந்தார்?

அவர் சிரிக்கவில்லை. விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், சைக்கிள் கடை மாடியில் இருந்தது அவருடைய பதிப்பகம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க அமலாவின் நாவல் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார்.

"கதை நல்லா போவுது அமலா. பனி, நரி, பேய் எல்லாம் சரி. ஆனா கடைசில அந்தப் பொண்ணு செருப்ப மாட்டிக்கினு ராஜா வீட்டுக்குள்ள போறா பாரு, அங்க பொய்யா ஆயிடுது. அவள உள்ள வுட மாட்டாங்க. நமக்குத் தெரியாதா?"

"அது பேய்ண்ணா," என்றாள் அமலா. "அத யாரு தடுக்கறது?"

அமலா திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். முப்பது வயது. கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டருக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு கட்டைவிரலாலேயே நாவல் எழுதுவாள். அரசகுமாரன் குதிரையில் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் யாராவது வந்து குழந்தைக்குச் சளி மருந்து கேட்பார்கள். மருந்தைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி குதிரையில் ஏற்றுவாள். கதை ஆப் ஒன்றில் வாரா வாரம் ஒரு அத்தியாயம் போட்டாள். ஒரு வாரம் தாமதமானால் வாசகிகள் கமெண்டில் வந்து சண்டை பிடிப்பார்கள்.

அந்த நாவலின் விதை ஐந்தாம் வகுப்பில் விழுந்தது. அரண்மனை விருந்தில் ஆடிவிட்டு ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு ஓடுகிற பெண்ணின் கதையை ஒரு சிஸ்டர் சொன்னார். உலகத்துக்கே தெரிந்த கதை. வகுப்பே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க, அமலா மட்டும் எழுந்து, "சிஸ்டர், வூட்டுக்குள்ள எதுக்கு செருப்பு போட்டுக்கினு ஆடுனாங்க?" என்று கேட்டாள். உட்கார் என்றார்கள். உட்கார்ந்தாள். ஆனால் சந்தேகம் உட்காரவில்லை.

பல வருடம் கழித்துத் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட ஒரு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்மனை வாசலில், படிக்கல்லின் மேல், வரிசையாகச் செருப்புகள். ராணி முதல் வேலைக்காரி வரை எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். "அட, இவங்க நம்மாளுங்க!" என்று கத்திவிட்டாள். அம்மா இருதயமேரி என்னவோ ஏதோவென்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். செருப்பை வாசலில் விடுகிற நாட்டில்தான் செருப்பு தொலையும். மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கால் சுடச் சுடத் திரும்பி வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தாள். அந்த நாட்டில் ஒரு பேய் உண்டாம். புத்தாண்டு இரவில் வீடு வீடாக வந்து, வாசலில் கிடக்கிற செருப்புகளைப் போட்டுப் பார்த்து, காலுக்குச் சேர்ந்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதைத் தடுக்கச் சுவரில் ஒரு சல்லடையைத் தொங்க விடுவார்களாம். பேய் சல்லடைக் கண்களை எண்ணத் தொடங்கும், பாதியில் மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து எண்ணும், அதற்குள் சேவல் கூவிவிடும். படித்த அன்று அமலாவுக்குத் தூக்கம் வரவில்லை. செருப்பு தொலைத்த பெண்ணும் செருப்புத் திருடும் பேயும் ஒருத்தியாகவே இருந்தால்?

அப்படித்தான் அவளுடைய பேய் பிறந்தாள். சின்னம்மா கொடுமையால் வெறுங்காலோடு பனியில் விறகு பொறுக்கப் போய், அங்கேயே விறைத்துச் செத்துப்போன பெண். வருடா வருடம் ஊரெல்லாம் செருப்புப் போட்டுப் பார்க்கிறாள். எல்லா வீட்டுச் சல்லடையும் அவளை ஏமாற்றுகிறது. கடைசியில் ஒன்பது வால் நரி ஒன்று சிநேகமாகி, எண்ணிக்கை மறக்காமல் இருக்க வாலை மடக்கி மடக்கி உதவுகிறது. அவள் எண்ணி முடிக்கிறாள். அரண்மனை வாசலில் அவள் காலுக்கென்றே செய்தது போல ஒரு செருப்பு. போட்டுக்கொண்டு உள்ளே நடக்கிறாள். முடிந்தது கதை.

வேண்டாத வேலையாக, முதல் சந்திப்பிலேயே டீ குடித்தபடி அமலா தன் அப்பாவைப் பற்றியும் தென்னரசுவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சவுரிராயன் சின்ன வயதில் சாதிக்காரர்களின் ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. ஒருமுறை மறந்துபோய் நடந்ததற்கு, அதே செருப்பாலேயே அடித்தார்கள். தென்னரசு டீயை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர்தான், இன்றைக்கும் விடவில்லை.

"உன் நாவல்ல உசுரு எங்க இருக்குது தெரியுமா? உங்கப்பா கையில இருக்கற செருப்புல. அத வுட்டுட்டு கொரியாவுல போயி இன்னா பண்ணிக்கினு இருக்கற? முடிவ மாத்து. காவக்காரன் தடுக்கட்டும். அவ செருப்பக் கழட்டி கையில புடிச்சிக்கினு திரும்பி பனியில நடக்கட்டும். படிக்கறவன் கதறிடுவான்."

"நமக்கு அழுவுறதுக்கு மட்டுந்தான் லைசென்சாண்ணா?"

"ஊர்க்காரங்க பேய்க்கதை எழுதுவாங்க. அவங்களுக்குப் பொழுது போவணும். நமக்கு அந்த சொகுசு கிடையாதும்மா."

"அதாண்ணா. அந்த சொகுசு எனக்கு வேணும்."

தென்னரசு கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலனிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனிக்குழாய் வைத்ததை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்து அடி வாங்கியவர். வேறு எவரும் அச்சடிக்கத் துணியாத புத்தகங்களைப் போட்டவர். இருபது வயதில் அமலா அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டுக் கை வலிக்கத் தட்டியிருக்கிறாள். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது நெஞ்சில் குத்தியது.

"உங்கப்பா பட்டத எழுத உனக்கு வெக்கமா இருக்குதா?"

அவள் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டுகிற வரை அந்தக் கேள்வி கூடவே உட்கார்ந்து வந்தது. வெட்கமா? ஒருவேளை அப்படித்தானோ? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்து, எது எதுவென்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வீட்டில் சவுரிராயன் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன். எழுத்துக் கூட்டிப் படிக்க அலுப்புப்பட்டு, ஆப்பில் இருக்கிற வாசிக்கும் குரலைப் போட்டுத்தான் மகளின் நாவலைக் கேட்பார். அந்த மிஷின் பெண் சாவையும் கல்யாணத்தையும் ஒரே குரலில் படிப்பாள். அவருக்கு அது போதும். கடைசி அத்தியாயத்தை மட்டும் அமலா புத்தகத்துக்கென்று ஆப்பில் போடாமல் வைத்திருந்தாள். அதில் அவருக்கு மகள் மேல் மனத்தாங்கலே உண்டு.

"நைனா, உன்னப் பத்தி எழுதச் சொல்றாங்க. நீ செருப்பக் கையில புடிச்சிக்கினு நடந்தத. எழுதட்டுமா?"

அவர் உரித்துக்கொண்டே இருந்தார். "எனக்கு நடந்தத நான் சொல்லிக்கறேன். எங்கிட்ட வாயி இல்லையா?" என்றார். "நீ அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு சொல்லு. நரி வந்து வால மடக்குச்சு. எண்ணி முடிச்சாளா? உள்ள போனாளா?"

"போனா நைனா."

"செருப்போடவா?"

"செருப்போட."

சவுரிராயன் மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை அமலா அதற்கு முன் இரண்டொரு தடவைதான் பார்த்திருக்கிறாள். "எனக்கு அப்பவே தெரியும்," என்றார், ஏதோ அவரே எழுதியது போல.

மறுநாள் மெடிக்கலில் இருந்தபடியே தென்னரசுவுக்குப் போன் செய்து, முடிவை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள். "சரிம்மா, உன் இஷ்டம். நீ புத்தகத் திருவிழாவுக்கு வந்து சேரு, மத்தத நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். அவ்வளவு லேசில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பெரிய மனுஷர், புரிந்துகொண்டார் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் ஒருவருக்கு மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவே மறந்துபோனாள்.

விழுப்புரம் புத்தகத் திருவிழாவில் சனிக்கிழமை மாலை வெளியீடு. புத்தகத்தை வெளியிடுவது பேராசிரியர் மலர்விழி. முதல் பிரதி பெற்றுக்கொள்வது எழுத்தாளரின் தந்தை. முதல் பிரதியை யார் வாங்குகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கை நீண்டு வாங்கினால்தான் புத்தகம் வெளிவந்ததாகக் கணக்கு. அதை அப்பாவுக்கு வைத்தது தென்னரசு. அதற்காக அமலா மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே சீக்கிரமாகக் கிளம்பி வந்தாள். அப்பாவும் அம்மாவும் காலனி ஆட்களோடு வேனில் பின்னால் வருகிறார்கள்.

அரங்கில் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். அமலா தன் பெயரைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். 'சல்லடை எண்ணும் பேய்' என்று அவள் வைத்த பெயர் இல்லை. 'வெறுங்கால்' என்று இருந்தது. அட்டையில் பனி இல்லை, நரி இல்லை. வெடித்த பாதம் ஒன்று, கறுப்பு வெள்ளையில். அமலா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். காவல்காரன் தடுத்திருந்தான். பேய்ப்பெண் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதபடி, பனிக்குள் திரும்பி நடந்திருந்தாள். நல்ல வாக்கியங்கள்தான். ஒன்றுகூட அமலாவுடையது இல்லை.

உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. மேடைக்குப் பின்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் தென்னரசுவைப் பிடித்தாள்.

"மாத்த மாட்டேன்னு சொன்னேனேண்ணா."

"உன் நல்லதுக்குத்தான். மலர்விழி அம்மா அந்த முடிவப் படிச்சிட்டு போன்லயே அழுதாங்க. காலேஜ்ல பாடமா வைக்கலாம்னு சொல்றாங்க. பேய் உள்ள போச்சுன்னு இருந்தா வைப்பாங்களா?"

"என் பேரு போட்டு நீங்க எழுதியிருக்கறீங்க."

"அடுத்த பதிப்புல பேசிக்கலாம். இப்ப பேஜாரு பண்ணாத அமலா, கூட்டம் வந்துகினு இருக்குது. இந்த மேடை இன்னொரு தடவ கெடைக்காது," என்று சொல்லிவிட்டு யாரையோ வரவேற்கப் போய்விட்டார்.

வேன் வந்து நின்றது. இருதயமேரி பட்டுப்புடவையில் இறங்கினாள். சவுரிராயன் சலவைச் சட்டையில் இறங்கி, மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அமலா அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். சொல்ல நிறைய இருந்தது. ஒலிபெருக்கியில் அதற்குள் அவர்கள் பெயரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நைனா, முடிவ மாத்திட்டாங்க. அவ உள்ள போவல."

"போவலயா?"

"தடுத்துட்டாங்க. செருப்பக் கையில புடிச்சிக்கினு திரும்பிப் போறா."

சவுரிராயன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு தொண்டர் வந்து கையைப் பிடித்து ஜல்தி ஜல்தி என்று மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மலர்விழி நன்றாகப் பேசினார். படித்துவிட்டு வந்து பேசினார் என்பதற்காகவே அவரை மெச்ச வேண்டும். "அந்தக் கடைசிப் பக்கம் இருக்கிறதே, அது கற்பனை அல்ல, ரத்தம்" என்றபோது கூட்டம் கை தட்டியது. அமலா மேடை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் தட்டுகிறார்கள். சும்மா இருந்துவிட்டால் நாளைக்குப் பேப்பரில் போட்டோ வரும், பாடப்புத்தகத்தில் பெயர் வரும். அந்தப் பெண் மட்டும் என்றென்றைக்கும் பனியில் நின்றுகொண்டிருப்பாள்.

புத்தகத்தைப் பளபளக்கும் தாளிலிருந்து பிரித்து மலர்விழி நீட்டினார். போட்டோகிராபர் மண்டி போட்டு, "அய்யா, இங்க பாருங்க," என்றார்.

அமலா எழுந்தாள். "நைனா, வாங்காத," என்றாள்.

சவுரிராயன் அட்டையில் இருந்த பாதத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கிறவர்களை அமலா பார்த்திருக்கிறாள். களத்துமேட்டில் நின்று வேலை வாங்குகிறவர்கள் அப்படி நிற்பார்கள். அப்பா அப்படி நின்று அவள் பார்த்ததே கிடையாது.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. தென்னரசு மைக்கைப் பிடித்து, "அய்யா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்," என்று தொடங்கினார். அமலா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

"இது நான் எழுதின கதை இல்லைங்க," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எங்கப்பா செருப்பக் கையில புடிச்சிக்கினு நடந்தது நெசம். அதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. இதோ மைக்கு வச்சு சொல்றேன். வெக்கப்பட வேண்டியவங்க வேற. ஆனா அது எங்கப்பாவோட கதை. எப்ப சொல்லணும், யாருகிட்ட சொல்லணும்னு அவருக்குத் தெரியும். நான் எழுதினது பேய்க்கதை. செருப்பு போட்டுக்கினு ஒரு பொண்ணு ராஜா வீட்டுக்குள்ள போறா. ஒருத்தரும் அவள ஒண்ணும் கேக்கல. ஒரு எடத்துலயாவது அப்படி நடக்கட்டும்னுதான் எழுதினேன். அது நம்ப ஊர்ல இல்லன்னா கொரியாவுல நடக்கட்டும். மனுஷருக்கு இல்லன்னா பேய்க்கு நடக்கட்டும். அதையும் மாத்திட்டாங்க."

"அமலா, புத்தகம் போச்சு," என்றார் தென்னரசு மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு.

"போவட்டும்ண்ணா," என்றாள், மைக்கிலேயே.

போனைத் திறந்து தன் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். நரி ஒன்பதாவது வாலையும் மடக்குகிறது. சல்லடை சுவரிலிருந்து விழுகிறது. அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு பெரிய கதவைத் தள்ளுகிறாள். காவல்காரர்கள் வழிவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டிருந்த அரசகுமாரன் மட்டும் அவள் லேசாக நொண்டுவதைக் கவனித்துவிட்டுக் கேட்கிறான்: "புதுச்செருப்பு கடிக்கிறதா?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அவளுக்கு அழுகையும் வந்துவிட்டது. பின்னால் இருந்து விசில் பறந்தது. முன்வரிசையில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். வெளியீட்டு விழாவில் இதென்ன கூத்து என்று ஒருவர் எழுந்தும் போனார். போகிறவர் போகட்டும் என்று அமலா போனை மூடினாள். பயம் எல்லாம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மலர்விழி தென்னரசு பக்கம் திரும்பினார். "அப்ப நான் அழுதது யார் எழுதினதுக்கு?"

"நான்தாங்க," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. உங்க பேர்லயே போட்டிருக்கலாமே."

தென்னரசுவின் முகத்தைப் பார்க்க அமலாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மரியாதை வைத்திருந்த மனிதர். ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட அவள் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயாரில்லை.

மண்டி போட்ட போட்டோகிராபர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும். "அய்யா, இன்னாவா இருந்தாலும் அப்புறம் பேசிக்குங்க. சும்மா கையில வாங்குங்க. ஒரே ஒரு போட்டோ," என்றார்.

சவுரிராயன் பின்னால் கட்டிய கையை எடுக்காமல் மைக் பக்கம் குனிந்தார்.

"எம்பொண்ணு எழுதினத குடுங்க," என்றார். "வாங்கிக்கறேன்."